மொட்டைக் கார் மதினி

மதினிக்கு மூடி வைத்த எதுவும் ஆகாது. சமையல்கட்டுக்குள் வந்தால் முதலில் சட்டிகளின் மூடியைத் திறந்து பார்ப்பாள். வீட்டில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் நேராகப் போய் நடுவில் நின்று என்ன பேசுகிறீர்கள் என்று கேட்பாள். அவர்கள் சமாளித்துப் பேச்சை மாற்றினால், அது இல்லை, முன்னால் பேசியதைச் சொல்லுங்கள் என்பாள். என் பெரிய அண்ணனைக் கட்டிக்கொண்டு சிலமலையிலிருந்து எங்கள் போடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அம்மா அவளைப் பார்த்துப் பயந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். மாமியாரைப் பார்த்து மருமகள் பயப்படுகிற காலத்தில் எங்கள் வீட்டில் அது தலைகீழாக இருந்தது.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பியபோது, பெரிய அண்ணன் அவரிடமிருந்து ஒரு கார் வாங்கினார். இரண்டே சீட்டு. நீளமான மூக்கு. மேலே இரும்புக் கூரை கிடையாது, வேண்டுமென்றால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு கித்தான் கூரை மட்டும் இருந்தது. ஊரில் எல்லோரும் அதை மொட்டைக் கார் என்றார்கள். அண்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். கார்த்திகை பிறந்துவிட்டால் வெளியே எடுக்கமாட்டார். தோட்டத்தில் ஏலக்காயைச் சூடு போட்டுக் காய வைக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அதன் பின்சுவரை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, பேட்டரியைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கீழே பலகை கொடுத்து, காரைத் தார்ப்பாயால் போர்த்தி வைத்துவிடுவார். அடுப்புச் சூடு சுவர் வழியாக வரும். ஈரம் ஏறாது. மாசி முடிந்து வெயில் வந்த பிறகுதான் கார் வெளியே வரும். அதன் சீட்டுத் தோலில் ஆடி மாதத்தில்கூட ஏலக்காய் வாசனை அடிக்கும்.

அந்த அண்ணன் ஓர் ஆடிக் காற்றில் தோட்டத்திலேயே இறந்தார். மரக்கிளை முறிந்து தலையில் விழுந்துவிட்டது. துணியால் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தினார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம், பொம்பளைகள் தாங்கமாட்டார்கள் என்று ஆண்கள் எல்லோரும் சொன்னார்கள். மதினி யாரையும் தள்ளவில்லை, கத்தவுமில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து துணியை விலக்கினாள்.

"இந்த முகத்தை நான் பாக்காம வேற யாரு பாக்குறது?" என்றாள்.

பார்த்தாள். நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டேன். பல மாதம் எனக்குத் தூக்கம் இல்லை. அவள் தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது.

குழந்தை இல்லை. சொந்த ஊருக்குப் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தோட்டத்தை நான் பார்க்கிறேன் என்றாள். என் சின்ன அண்ணனுக்குப் போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை இருந்தது. தோட்டமும் தன் கைக்கு வந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். காரை விற்றுவிடலாம் என்று பேச்சைத் தொடங்கினான். மதினி சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். அண்ணன் உயிரோடு இருந்தபோதே தோட்டத்து மண்பாதையில் ஓட்டப் பழகியிருந்தாள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் போடியில் ஒரு பெண் கார் ஓட்டுவதே பெரிய அதிசயம். தாலி அறுத்தவள், கூரையில்லாத காரில், தலைமுடி பறக்க, பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனால் எப்படி இருந்திருக்கும்? மொட்டைக் காருக்கு மொட்டச்சி டிரைவர் என்று ஒரு டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது அவள் காதுக்கு வந்தது. அடுத்த நாள் அந்தக் கடை வாசலிலேயே காரை நிறுத்தி, இறங்காமல் டீ வாங்கிக் குடித்தாள். நேற்று சொன்னதை இப்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள். ஆளாளுக்குப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். டம்ளரைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள்.

சின்ன அண்ணன் அவமானத்தில் துடித்தான். ஓட்டுவது ஓட்டுகிறீர்கள், கூரையையாவது மாட்டிக்கொண்டு போங்கள், யார் போகிறார்கள் என்று தெரியாமலாவது இருக்கும் என்று கெஞ்சினான். அவள் காரணம் சொன்னாள். கூரையைப் போட்டால் பனிக்காலத்தில் மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்து வழி தெரியாது. பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னல்கள் மஞ்சளடித்துப் போய்விட்டன. எதிரே வருகிற லாரிச் சத்தம் கேட்காது. காய் பறிக்கிற மாதமும் பனி மாதமும் ஒன்றுதான், அந்த மாதங்களில் காரைப் போர்த்தி வைத்தால் தோட்டத்தை யார் பார்ப்பது என்றும் கேட்டாள். கித்தான் கூரையைக் கழற்றி ஸ்டோரில் படுதாவாகப் போட்டுவிட்டாள்.

அப்படித்தான் மார்கழியிலும் தையிலும் அவள் அந்த மலைச்சாலையில் ஏறி இறங்கினாள். சேலைக்கு மேல் அண்ணனின் கம்பளிக் கோட்டு, தலையைச் சுற்றிக் காதை மூடி மப்ளர். ஸ்டோர் அடுப்பில் ஒரு செங்கலைச் சுட வைத்து, சாக்கில் சுற்றிக் காலடியில் போட்டுக்கொள்வாள். நான் கூடப் போனால் எனக்கும் ஒரு செங்கல். அடிவாரத்து முந்தலைத் தாண்டி மேலே ஏற ஏற மூக்கு மரத்துப்போகும். புருவத்தில் நீர் கோத்து நிற்கும். எனக்கு அது பிடிக்கும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மேகத்துக்குள் தலையை விட்டுப் போகிற மாதிரி இருக்கும்.

பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள்.

என் இடுப்பில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. உள்ளங்கை அகலம்தான். சேலைக்குள் மறைந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்று அம்மாவும் சின்ன அண்ணனும் முடிவு செய்திருந்தார்கள். நல்ல இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாம் பேசி, பூ வைக்கிற நேரம். சுவரோரம் நின்றிருந்த மதினி முன்னால் வந்தாள்.

"பொண்ணுக்கு இடுப்புல வெள்ளைத் தழும்பு இருக்கு. இப்பச் சின்னதா இருக்கு. பரவலாம், பரவாமலும் போகலாம். தெரிஞ்சுக்கிட்டுப் பூவை வைங்க."

அவர்கள் காப்பியைக் குடித்து முடித்தார்கள். மரியாதையாக எழுந்தார்கள். போய்விட்டார்கள். சின்ன அண்ணன் கையை ஓங்கிவிட்டான். அம்மா நடுவில் விழுந்து தடுத்தாள். மதினி அசையவேயில்லை. நாளைக்கு அவர்கள் வீட்டில் இவள் ஒளித்து ஒளித்துக் குளிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். நான் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ராசிங்காபுரத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். தரகரே முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தெரிந்துதான் என் வீட்டுக்காரர் வந்தார். அந்த வீட்டில் நான் எதற்கும் ஒளிய வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அந்த நடுவீட்டுப் பேச்சை என்னால் விழுங்க முடியவில்லை. நல்லது கெட்டதுக்குப் போனால் மதினியிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். அதோடு சரி.

என் மகன் பிறந்து தவழ்கிற சமயத்தில், தை மாதம், தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். குடும்பத்தோடு மேலே போயிருந்தோம். இரண்டு நாள் இருந்தோம். மதினி மாறியிருந்தாள். யாராவது வாசலில் வந்து நின்றால், யாருன்னு பேரைச் சொல்லிட்டு உள்ளே வா என்று அதட்டினாள். டம்ளரில் விரலை விட்டுக்கொண்டு காப்பி ஊற்றினாள். என் பிள்ளை அவள் காலடிக்குத் தவழ்ந்து போனான். அவள் தெரியாமல் அவன் கையை மிதித்துவிட்டாள். அவன் வீரிட்டு அழுதபோது அவள் முகம் வெளுத்துப்போனது. திமிர் கூடிவிட்டது, ஆளையே பார்ப்பதில்லை என்று சின்ன அண்ணன் முணுமுணுத்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டின்போது அவனுக்கும் மதினிக்கும் பெரிய வாக்குவாதம். பொம்பளை எத்தனை நாளைக்கு மலையேறி இறங்க முடியும், வண்டி ஓட்ட முடியாமல் உட்காருகிற அன்றைக்குத் தோட்டத்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவன் சொன்னான். அன்றைக்கு நானே கொண்டுவந்து தருகிறேன் என்று அவள் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் எல்லோரும் ஜீப்பில் இறங்கினார்கள். பிள்ளை அப்போதுதான் தூங்கியிருந்தான். நான் மத்தியானம் மதினியோடு வருகிறேன் என்று நின்றுகொண்டேன். ஜீப்பிலேயே போய்விடு என்று மதினி மூன்று நான்கு முறை சொன்னாள். பழைய மனத்தாங்கலில் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கும் வீம்பு வந்துவிட்டது.

சாப்பிட்டுக் கிளம்பினோம். காலடியில் செங்கல், மடியில் கம்பளியில் சுற்றிய பிள்ளை. மதினி மப்ளரைக் கழுத்தோடு கட்டியிருந்தாள். காதை மூடவில்லை. அந்தக் குளிரில் காது சிவந்து கிடந்தது. குளிரவில்லையா என்று கேட்டேன். பேசாம வா ஆத்தா என்றாள்.

மெட்டைத் தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. காரின் மூக்கு நுனி தெரியவில்லை. மதினி ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். எனக்கு எதுவும் கேட்காதபோதே, லாரி வருது என்று சொல்லி ஓரம் கட்டினாள். நான் பத்து மூச்சு விட்ட பிறகு லாரி வந்தது. பாறைச் சுவர் பக்கம் வந்தால் வண்டிச் சத்தம் திரும்பிக் கேட்கும், பள்ளத்துப் பக்கம் கேட்காது என்று அவளாகவே சொன்னாள். கோபத்தையெல்லாம் மறந்து அவளைப் பார்த்தேன். இந்தப் பனியில் வேறு யாரால் இப்படி ஓட்டமுடியும் என்று நினைத்தேன். பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான்.

நாலைந்து வளைவு இறங்கியதும் பனி விலகியது. திடீரென்று நல்ல வெயில். கீழே போடியும் கண்மாய்களும் பளிச்சென்று தெரிந்தன. அடுத்த வளைவில் இடது பக்கத் தடுப்புச் சுவர் இடிந்து கிடந்தது. அந்த இடத்தில் ஒரு தார் டிரம்மை நிறுத்தி, குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். குருடனுக்கும் தெரிகிற சிவப்பு. மதினி வளைவை அகலமாக எடுத்தாள். கார் அந்த டிரம்மை நோக்கிப் போனது. ஒதுக்குவாள் என்று இருந்தேன். அவள் ஒதுக்கவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என் பக்கம்தான் பள்ளம்.

"மதினி, டிரம்மு" என்றேன். மறுபடி சொன்னேன்.

பிரேக்கை மிதித்தாள். கார் சல்லியில் இழுபட்டு, டிரம்மில் முட்டி நின்றது. டிரம் சாய்ந்து, உருண்டு, விளிம்பைத் தாண்டிப் போனது. அது கீழே பாறையில் மோதுகிற சத்தம் கேட்க வெகு நேரமானது. குச்சியும் சிவப்புத் துணியும் காரின் மூக்கில் கிடந்தன. நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, என் பக்கத்துக் கதவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"தெரியலையா மதினி?"

அவள் ரிவர்ஸ் போட்டுக் காரைப் பின்னால் எடுத்துப் பாறைப் பக்கம் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"நேரா இருக்கிறது தெரியுது. ஓரம் தெரியலை. குழாய்க்குள்ள பாக்குற மாதிரி இருக்கு. போன மழைக்காலத்துல இருந்து."

மழைக்காலத்திலிருந்து. அப்படியென்றால் காய் பறிப்பு முழுக்க, மார்கழி முழுக்க, காதை வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் ஏறி இறங்கியிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"என் தழும்பை நடுவீட்டுல வச்சுச் சொன்னீங்களே. இதை ஏன் சொல்லலை? என் பிள்ளையை ஏத்திட்டு வர்றீங்களே."

"ஜீப்புல போகச் சொன்னேன்ல."

"ஏன்னு சொன்னீங்களா?"

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் யார் முன்னாலும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா தோட்டம் போயிரும் ஆத்தா, தோட்டத்தை விட்டா எனக்கு வேற எதுவும் இல்லை என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசியும் நான் கேட்டதில்லை. பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான். அவள் கையை நீட்டினாள். நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அப்படியே உட்கார்ந்திருந்தோம். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பயம் மட்டும் மிச்சமிருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. பனி மறுபடி கீழே இறங்கிவந்துகொண்டிருந்தது. மேலே ஒரு ஜீப் வருகிற சத்தத்தை மதினிதான் முதலில் கேட்டாள். அதற்குள் நான் ஒரு யோசனை சொன்னேன். வண்டி ரிப்பேர் என்று சொல்லி ஏறிக்கொள்ளலாம், வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன். அவளும் சரி என்று தலையை ஆட்டினாள்.

தோட்டத்து வேலை முடிந்து இறங்குகிற பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப் வந்து நின்றது. எல்லாம் போடிக்கார ஆட்கள், பாதிப் பேர் எங்கள் தோட்டத்திலும் காய் பறித்தவர்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி கொண்டுபோகக் கூடியவர்கள். டிரைவர் பூப்பாறைப் பக்கத்து மலையாளத்துப் பையன்.

"எந்தா அக்கா, வண்டி கேடாயிப்போச்சா?" என்று கேட்டான்.

ஆமா தம்பி என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மதினி என் கையைப் பிடித்தாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. எனக்குத்தான் கண்ணு தெரியலை. இதுக்கு மேல ஓட்டினா இந்தப் பிள்ளையைக் கொன்னுருவேன். எங்களைக் கீழ கொண்டு போய் விடு."

பின்னால் உட்கார்ந்திருந்த வயதான ஒருத்தி மட்டும் இறங்கி வந்து, மதினியின் முழங்கையைப் பிடித்து, படியில் கால் வைக்க இடம் காட்டினாள். மதினி காரின் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று சொல்லமுடியாது.

வீட்டுக்கு வந்ததும் சின்ன அண்ணனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னாள். தோட்டத்துச் சாவிக்கொத்தை அவன் முன்னால் வைத்தாள். இத்தனை வருஷம் அந்தச் சாவிக்காகக் காத்திருந்தவன், அதைத் தொடாமல் நின்றான். இத்தனை நாளாவா ஓட்டுனீங்க என்று கேட்டான். பிறகு என் மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது. பயத்திலா, கோபத்திலா, எனக்குப் புரியவில்லை. அந்த வாரமே மதினியை மதுரைக்குப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனான். அதே வாரம் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டான். இரண்டையும் ஒரே மனிதன்தான் செய்தான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். கொஞ்ச வருஷம் காப்பாற்றியது. மதினி தோட்டத்தை விட்டுக்கொடுத்தாலும் மலையை விடவில்லை. வாரம் ஒரு நாள் பஸ்சில் மேலே போய் வந்தாள். வேலையாட்கள் கூலித் தகராறை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவள் சின்ன அண்ணனின் கடைக்கே போய், வந்தவர் போனவர் முன்னால் அதைக் கேட்பாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தீர்த்து வைப்பான். காரை மதுரைக்காரர் ஒருவர் வாங்கிப் போனார்.

அந்த ஜீப்பில் என்ன பேசினாள், அழுதாளா என்று சின்ன அண்ணன் என்னை ஒரு முறை தனியாகக் கேட்டான். ஒன்றும் பேசவில்லை என்றேன். அது உண்மை. ஏறி உட்கார்ந்து முதல் வளைவு திரும்புவதற்குள் மதினி தூங்கிவிட்டாள். முன்பின் தெரியாத அந்தக் கிழவியின் தோளில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, குழிகளிலும் வளைவுகளிலும் ஆடி ஆடித் தூங்கினாள். என் பிள்ளை அழுததும் அவளுக்குக் கேட்கவில்லை. முந்தலில் ஆள் இறங்கி ஆள் ஏறியபோதும் விழிக்கவில்லை. எழுப்பாதீங்க என்று அந்தக் கிழவி கண்ணாலேயே எல்லோருக்கும் சொன்னாள். போடி வந்து சேரும்வரை ஜீப்புக்குள் யாரும் சத்தமாகப் பேசவில்லை.